ஏழு நிமிடத்தில் ஒரு முகம்: வாசகர் கேள்வி – பதில்

நடிகர்கள், பாடகர்கள், விளையாட்டு வீரர்கள், மாடல்கள் என்று 24 வருடமாக முகங்களைப் படம் எடுக்கிறேன். "உங்கள் தொழிலைப் பற்றி வாசகர்கள் கேட்கட்டும், நீங்கள் பதில் எழுதுங்கள்" என்று ஆசிரியர் சொன்னதும் உடனே ஒப்புக்கொண்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேமராவைப் பற்றியவை. அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போர்ட்ரெய்ட் (முகப்படம்) எடுக்க எந்த கேமரா, எந்த லென்ஸ் வாங்கலாம் அக்கா?

கையில் இருக்கிற கேமரா போதும் தம்பி. லென்ஸைப் பற்றி மட்டும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ரொம்பக் கிட்டத்தில் போய் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். லென்ஸ் சரியில்லை என்பார்கள். சரியில்லாதது நாம் நிற்கிற தூரம். முகத்துக்கு 40 சென்டிமீட்டரில் நின்றால், மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பெரிய விஷயம். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அது கணக்கிலேயே வராது. 85 எம்எம் லென்ஸை மாட்டினால் முகத்தை அடக்குவதற்காக நீங்களாகவே ஒன்றரை, இரண்டு மீட்டர் பின்னால் போய்விடுவீர்கள். அதற்கு போர்ட்ரெய்ட் லென்ஸ் என்று பெயர் வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போதைக்கு வாங்க வேண்டியது ஒரு முட்டை. ஜன்னல் ஓரமாக ஒரு வெள்ளைத் தாளில் அதை வையுங்கள். வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போய் எந்த இடத்தில் நிழலாக மாறுகிறது என்று பாருங்கள். மெல்லிய திரையை இழுத்துவிட்டால் அந்த எல்லை கரைந்துபோகும். இருட்டான பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் நிழல் நிறைந்துவரும். கறுப்புத் துணியைப் பிடித்தால் ஆழமாகும். ஒரு வாரம் முட்டையை மட்டும் எடுங்கள். இன்றைக்கும் புது ஸ்டூடியோவில் வேலை என்றால் முதல் அரை மணி நேரம் நான் செய்வது இதைத்தான், முட்டைக்குப் பதில் உதவியாளரின் தலை. ஆனால் முட்டைக்கு மனசு மாறாது. முகத்துக்கு நொடிக்கு நொடி மாறும். அடுத்த கடிதம் அதைத்தான் கேட்கிறது.

கேள்வி: பெரிய நட்சத்திரங்கள் பத்து நிமிடம்கூடத் தருவதில்லை என்கிறார்கள். அதற்குள் அவர்களை எப்படி இயல்பாக இருக்க வைக்கிறீர்கள்?

ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். பட விளம்பரத்துக்காகக் காலையிலிருந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நடிகை. எனக்குத் தந்தது ஏழு நிமிடம். நான் மூன்று மணி நேரம் முன்னாடியே அங்கே இருந்தேன். அவர் உயரத்துக்கே இருக்கிற என் உதவியாளரை நாற்காலியில் உட்கார வைத்து எல்லா லைட்டையும் அளந்தாகிவிட்டது. நாற்காலியைத் தொண்ணூறு டிகிரி திருப்பினால் போதும், ஒரு ஸ்டாண்டைக்கூட நகர்த்தாமல் இரண்டாவது லைட்டிங் தயார். தரையில் டேப் ஒட்டி அதைக் குறித்து வைத்திருந்தோம். இரண்டாவது கேமரா பக்கத்து மேஜையில், பேட்டரி போட்டு, ஆன் செய்து.

வந்தார், உட்கார்ந்தார், சிரித்தார். தாடையைக் கொஞ்சம் இறக்கி, இடப்பக்கம் திரும்பி, ஆயிரம் தடவை பழகிய சிரிப்பு. அதை நான் எடுத்தேன். பிரசுரமாகாது என்று தெரிந்தே முதல் இருபது படம் அப்படித்தான் எடுப்பேன். எடுக்காமல் காத்திருந்தால், "நாம் செய்வது இவருக்குப் பிடிக்கவில்லை போல" என்று எதிரே இருப்பவருக்குக் கலக்கம் வந்துவிடும். அப்புறம் கேமராவை மடியில் இறக்கினேன். அவர் காலைப் பார்த்து, "செருப்பு கடிக்குதா?" என்றேன். ஒரு கணம் முழித்தார். பிறகு இரண்டு செருப்பையும் கழற்றித் தள்ளிவிட்டு, விரல்களைக் கம்பளத்தில் அழுத்தினார். கால் விரல் விரிந்ததும் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. தோள் இறங்கியதும் கழுத்து நீண்டது. நெற்றியில் காலையிலிருந்து இருந்த முடிச்சு அவிழ்ந்தது. நான் பேசிக்கொண்டே கேமராவைத் தூக்கினேன். நாலாவது நிமிடப் படம்தான் அட்டையில் வந்தது. அதில் கால் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

இந்த இடத்தில் எல்லோரும் கனடா ஃபோட்டோகிராபர் யூசுஃப் கார்ஷ் கதையைச் சொல்வார்கள். 1941 டிசம்பர் 30. ஒட்டாவாவில் கனடா நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு வந்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், தன்னைப் படம் எடுக்கப்போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லையே என்ற எரிச்சலில் இருக்கிறார். வாயில் சுருட்டு. கார்ஷ் மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அந்தச் சுருட்டை வெடுக்கென்று எடுத்துவிட்டு, ஷட்டரை அழுத்துகிறார். முறைக்கிற அந்த முகத்தை உலகமே பார்த்தது. 2016-இல் இங்கிலாந்தின் 5 பவுண்டு நோட்டில்கூட ஏறியது. சுருட்டைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கார்ஷ் முந்தின நாள் மாலையே அந்த அறைக்குப் போய் லைட்டும் கேமராவும் வைத்துத் தயாராக இருந்தார். அந்தத் தயாரிப்பு இல்லாமல் சுருட்டைப் பிடுங்கியிருந்தால் திட்டு மட்டும்தான் கிடைத்திருக்கும். அடுத்த படத்துக்கு சர்ச்சில் சிரித்தபடி நின்றார் என்பதும் பலருக்குத் தெரியாது. அதையும் கார்ஷ் எடுத்து வைத்திருக்கிறார்.

அமெரிக்க ஃபோட்டோகிராபர் ரிச்சர்ட் அவெடன் 1957-இல், முடிதுறந்த பிரிட்டிஷ் மன்னரான வின்ட்சர் கோமகனையும் அவர் மனைவியையும் எடுத்த படம் வேறு வகை. இருவரும் நாய்ப் பிரியர்கள். வழக்கமான விளம்பர முகத்தோடு உட்கார்ந்திருந்தவர்களிடம், "வரும் வழியில் என் டாக்சி ஒரு நாயை ஏற்றிக் கொன்றுவிட்டது" என்று பொய் சொன்னதாக அவெடனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முகம் இரண்டும் இடிந்துபோன கணத்தில் படம். அவெடன் எனக்குக் கடவுள் மாதிரி. அந்தப் படமும் மகத்தான படம். ஆனாலும் அதை நான் செய்ய மாட்டேன். எதிரே உட்கார்கிறவர் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் எனக்குக் கடனாகத் தருகிறார். கடன் வாங்குகிற இடத்தில் பொய் சொல்ல எனக்கு மனசு வராது.

கேள்வி: சினிமாவிலோ பத்திரிகையிலோ எனக்கு யாரையும் தெரியாது. அறிமுகம் இல்லாமல் இந்தத் தொழிலுக்குள் வரவே முடியாதா?

வரலாம். நானும் யாரையும் தெரியாமல் வந்தவள்தான். ஃபோட்டோகிராபர் ஹெர்ப் ரிட்ஸ் கதையை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். 1970-களின் கடைசியில் நண்பரான ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் கியரோடு காரில் போகும்போது டயர் பஞ்சர் ஆனது. அப்போது கியர் பெரிய நட்சத்திரம் இல்லை. பெட்ரோல் பங்கில் காத்திருந்த நேரத்தில் ரிட்ஸ் எடுத்த படங்கள், கியர் புகழ் அடைந்ததும் பத்திரிகைகளில் வந்தன. இது அதிர்ஷ்டக் கதை, படிக்க நன்றாக இருக்கும். அதைவிட எனக்கு அவெடனின் ஆரம்பம் பிடிக்கும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வணிகக் கப்பல் படையில் சேர்ந்து, மாலுமிகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வெறும் பின்னணி, நேரே பார்க்கிற முகம், அடுத்த ஆள். பல வருடம் கழித்து வெள்ளைப் பின்னணியில் அவர் எடுத்த பெரும்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டைகள்தான் ஞாபகம் வரும்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி உதவியாளர் வேலை. இரண்டு, மூன்று வருடம். நான் மூன்று வருடம் இருந்தேன். முதல் வருடம் லைட் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வைப்பது, வயரை யார் காலும் தட்டாதபடி டேப் போட்டு ஒட்டுவது, வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிடும் தெர்மாகோலைக் கை வலிக்கப் பிடிப்பது. ஆனால் தெர்மாகோல் பிடிக்கிறவர் நிற்கிற இடம், அந்த அறையிலேயே முகத்தைப் பார்க்க மிக நல்ல இடம். நான் ஓர் அங்குலம் திருப்பினால் கண்ணுக்குள் இருக்கிற வெளிச்சப் புள்ளி நகர்வது தெரியும். ஷூட் முடிந்து திரும்பும்போது என் குரு வண்டியில் கேட்பார்: "அவங்க இடது கை என்ன பண்ணிட்டு இருந்துச்சு?" பதில் தெரியாத நாட்களில் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். மறுநாள் கையையும் பார்ப்பேன்.

யாரிடம் சேர்வது என்று தேடும்போது, அவர்களுடைய படத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். "உங்கள் வேலை ரொம்பப் பிடிக்கும்" என்று வருகிற கடிதங்களுக்குப் பதில் போட எனக்கு நேரம் இருப்பதில்லை. "அந்தப் படத்தில் பின்னாலிருந்து வரும் லைட் ஏன் தலைமுடியில் மட்டும் விழுகிறது, தோளில் இல்லை?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இப்போது அவர் என்னோடுதான் வேலை செய்கிறார்.

கேள்வி: என் நிறம் நல்ல கறுப்பு. மாடலிங் ஆசையில் போர்ட்ஃபோலியோ (வாய்ப்பு கேட்கக் காட்டும் படத் தொகுப்பு) எடுத்தேன். படங்களில் சாம்பல் பூசினது மாதிரி வெளுப்பாக, வேறு யாரோ மாதிரி இருக்கிறேன். கேட்டால், "கேமராவில் இப்படித்தான் வரும்" என்கிறார் படம் எடுத்தவர். உண்மையா மேடம்?

இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவர் சொன்னது தவறு, அதை உங்கள் தலையில் கட்டியது அதைவிடத் தவறு.

கொஞ்சம் பழைய கதை. கலர் ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரியாக வருகிறதா என்று ஒத்துப் பார்க்க கோடாக் ஒரு மாதிரி அட்டை கொடுத்தது. அதில் ஒரு பெண்ணின் படம். முதலில் போஸ் கொடுத்தவரின் பெயரால் அதை ஷர்லி அட்டை என்றார்கள். 1950-களிலிருந்து பல பத்து வருடங்கள் அந்த அட்டையில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுத்த முகங்கள் அதில் மூக்கும் கண்ணும் தெரியாமல் இருண்டுபோயின. சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் "எங்கள் பொருளின் பழுப்பு நிறங்கள் வித்தியாசம் இல்லாமல் விழுகின்றன" என்று புகார் சொன்னது, ஃபிலிமைத் திருத்துவதற்கு ஒரு முக்கியமான காரணமாக இருந்தது. இதை எழுதும்போதே எனக்கு வலிக்கிறது. வேறு வேறு நிறமுள்ள மூன்று பெண்கள் இருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது.

இன்றைய டிஜிட்டல் கேமராவில் அந்த ஃபிலிம் சிக்கல் இல்லை. இப்போது தவறு எங்கே நடக்கிறது என்றால், முதலில் அளப்பதில். கேமராவுக்குள் இருக்கும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கறுத்த முகம் ஃபிரேம் நிறைய இருந்தால், "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தை ஏற்றிவிடும். அதே முகம் வெள்ளைச் சுவர் முன்னால் இருந்தால் இறக்கிவிடும். இரண்டுமே தப்பு. கன்னத்துப் பக்கத்தில் கையடக்க மீட்டரைப் பிடித்து, முகத்தின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளந்தால் எந்த நிறத்துக்கும் சரியான அளவு கிடைக்கும்.

அடுத்தது லைட். வெளுத்த தோலில் முகத்தின் அமைப்பை நிழல் வரைகிறது. கறுத்த தோலில் மினுமினுப்பு வரைகிறது. கன்ன எலும்பின் மேல், மூக்குத் தண்டில், தோள்பட்டையில் ஓடுகிற அந்த நீளமான பளபளப்புதான் உருவம். அது வேண்டுமென்றால் பெரிய, அகலமான வெளிச்சம் பக்கவாட்டில், கிட்டத்தில் இருக்க வேண்டும். சின்ன லைட்டை நேராக அடித்தால் நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு விழும், மற்றதெல்லாம் தட்டையாகிவிடும். அந்தத் திட்டை மறைக்க மேக்கப்காரர் பவுடர் போடுவார். பவுடர் உங்கள் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பாக இருந்தால், அதோ வந்துவிட்டது சாம்பல். கடைசியாகக் கம்ப்யூட்டரில் நிழலை மட்டும் தூக்கிவிடுகிற பட்டனை இழுத்திருப்பார். ஆழமான கறுப்பு போனதும் தோல் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். உங்கள் படத்தில் இவை எல்லாமே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் படங்களைப் போர்ட்ஃபோலியோவில் வைக்காதீர்கள். வேறு ஒருவரிடம் போகும்போது, "என் நிறத்தில் இருப்பவர்களை நீங்கள் எடுத்த படங்களைக் காட்டுங்கள்" என்று முதலில் கேளுங்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்க வோக் 1892-இல் ஆரம்பித்த ஃபேஷன் பத்திரிகை. அதன் அட்டைப் படத்தை ஒரு கறுப்பினக் கலைஞர் எடுக்க 2018 செப்டம்பர் வரை ஆனது. டைலர் மிட்செல், அப்போது வயது 23. அட்டையில் பாடகி பியான்சே. அந்தத் தோலைப் பாருங்கள். பிறகு உங்கள் கண்ணாடியைப் பாருங்கள்.

கேள்வி: ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி இந்தத் தொழில் இருக்குமா?

வெள்ளைப் பின்னணியில் சட்டை, பேன்ட் காட்டுகிற கேட்டலாக் வேலை குறையும். குறைந்துகொண்டும் வருகிறது. அதை நம்பிச் சாப்பிடும் நண்பர்களை நினைத்து எனக்குக் கவலைதான். ஆனால் ஒரு பாடகியின் முகம் வேண்டுமென்றால் அந்தப் பாடகி வந்து உட்கார வேண்டும். அங்கே ஆள் தேவை.

கேள்வி: பத்து வருடமாகக் கல்யாண ஆல்பம் செய்கிறேன். ஃபேஷன் பக்கம் வர ஆசை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

வேண்டாம். உங்களிடம் இருக்கிற வேகம் ஃபேஷன் படித்துவிட்டு வருகிறவர்களிடம் இருக்காது. வெளிச்சம் மாறினால் பதறாமல் எடுப்பீர்கள், நூறு பேரைச் சமாளிப்பீர்கள். மார்ட்டின் முன்காச்சி விளையாட்டுப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். 1933-இல் ஹார்பர்ஸ் பஜார் என்ற ஃபேஷன் பத்திரிகைக்காக நீச்சல் உடை எடுக்கச் சொன்னபோது, மாடலைக் கடற்கரையில் தன்னை நோக்கி ஓடிவரச் சொன்னார். அதுவரை ஃபேஷன் படமென்றால் பெரும்பாலும் ஸ்டூடியோவில் சிலை மாதிரி நிற்பது. அவர் தனக்குத் தெரிந்ததைக் கையோடு கொண்டுவந்தார், ஃபேஷன் படமே மாறிவிட்டது.

நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது துணி. கல்யாணத்தில் ஆட்களின் சந்தோஷம் தெரிந்தால் போதும், உடை கசங்கியிருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே உடையை விற்க வேண்டும். முன்பக்கம் அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்திருக்கிற கோட்டின் முதுகைப் பார்த்தால் ஏழெட்டுக் கிளிப் வரிசையாக இருக்கும். மாடல் அதோடுதான் கம்பீரமாக நிற்பார். ஃபிரேமுக்கு வெளியே ஸ்டைலிஸ்ட் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் ஓடிவந்து கைமடிப்பை அரை அங்குலம் இழுத்துவிட்டு ஓடுவார். துணியின் சுருக்கத்தை எடுக்கும் ஸ்டீமர் ஒரு மூலையில் எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும். அவெடன் 1955-இல் பாரிஸ் சர்க்கஸ் கூடத்தில் யானைகளுக்கு நடுவே டோவிமா என்ற மாடலை நிறுத்தி எடுத்த படத்தில், முதலில் யானையைப் பாருங்கள், அப்புறம் இடுப்பிலிருந்து தரை வரை விழுகிற அந்த வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். டியோர் என்ற பாரிஸ் ஃபேஷன் நிறுவனத்தின் உடைக்கான படம் அது. யானை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கண் கடைசியில் துணியில்தான் போய் நிற்கும்.

ஆரம்பிக்க நல்ல வழி டெஸ்ட் ஷூட். மாடல், மேக்கப், ஸ்டைலிஸ்ட், நீங்கள், நாலு பேரும் ஒரு நாளைக் கொடுக்கிறீர்கள். யாரும் யாருக்கும் பணம் தர வேண்டாம், படங்களை நாலு பேருமே தங்கள் வேலையைக் காட்டப் பயன்படுத்தலாம். விளம்பரத்துக்கு யாரும் விற்கக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போர்ட்ஃபோலியோவில் 15 படத்துக்கு மேல் வேண்டாம். பதினாறாவது படம் நன்றாக இல்லையென்றால், பார்ப்பவர் அதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

கேள்வி: ஒரு பத்திரிகைக்காக எடுத்த படத்தை விளம்பரத்திலும் போட்டுவிட்டார்கள். கேட்டால், "பணம் கொடுத்தோமே" என்கிறார்கள். என்ன செய்வது?

எனக்கும் இது நடந்திருக்கிறது, தொழிலுக்கு வந்த நாலாவது வருடம். ஒரு பாடகரைப் பேட்டிக் கட்டுரைக்காக எடுத்தேன். ஆறு மாதம் கழித்து அந்தப் படம் ஒரு பொருளின் விளம்பரப் பலகையில், சாலை ஓரத்தில், முப்பது அடிக்கு நின்றது. பாடகர் போன் செய்தார். நான் விற்றுவிட்டேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு ஒரு பைசா வரவில்லை, எனக்கே தெரியாது என்று எவ்வளவோ சொன்னேன். காட்ட என் கையில் ஒரு தாள் இல்லை. அதன் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை. பணம் போனது மறந்துவிட்டது, அந்த போன் மறக்கவில்லை.

எடுத்தவருக்குச் சொந்தமா, பணம் கொடுத்தவருக்குச் சொந்தமா என்பது நாட்டுக்கு நாடு மாறும் சட்டம். அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள், ஷூட்டுக்கு முன்பே எழுதிவிடுங்கள். படம் எதற்கு, எந்தெந்த இடத்தில், எத்தனை மாதத்துக்கு, எந்த நாடுகளில், உங்கள் பெயர் போடுவார்களா, வேறு எதற்காவது வேண்டுமென்றால் மறுபடி உங்களையும் படத்தில் இருப்பவரையும் கேட்பார்களா. ஒரு பக்கம் போதும். நாங்கள் வாங்குகிற பணம் அன்றைய உழைப்புக்கு ஒன்று, படத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கு இன்னொன்று. இரண்டையும் பில்லில் தனித்தனி வரியாகப் போடுங்கள். அந்தப் பத்திரிகைக்கு இப்போது நிதானமாக ஒரு கடிதம் எழுதி, விளம்பரத்துக்கான தொகையைக் கேளுங்கள். அதோடு, படத்தில் இருப்பவருக்கு இன்றைக்கே நீங்களே போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் உங்களுக்குப் போன் செய்யும் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ரீடச்சிங்கில் (எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்துவதில்) எதை எடுப்பீர்கள், எதை விடுவீர்கள்?

இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் என்றால் எடுப்பேன். பரு, தூங்காத கண், கொசுக்கடி. கூடவே இருப்பதை விட்டுவிடுவேன். மச்சம், தழும்பு, சிரிப்புக் கோடு. தோலின் துளைகளை அழித்து மெழுகாக்குவது என் மேஜையில் நடக்காது. ஃபேஷன் ஃபோட்டோகிராபர் பீட்டர் லிண்ட்பெர்க் 2019-இல் இறக்கும் வரை இதற்காகப் பத்திரிகைகளோடு மல்லுக்கு நின்றார். 1990 ஜனவரி பிரிட்டிஷ் வோக் அட்டையில் நயோமி கேம்ப்பெல், லிண்டா எவாஞ்செலிஸ்டா உட்பட ஐந்து பெண்களைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்ததைத் தேடிப் பாருங்கள். முகத்தில் மேக்கப் இருக்கிறதா என்றே தேட வேண்டியிருக்கும். நட்சத்திரமே "இதை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால்? அவர் முகம், அவர் உரிமை. ஒரு தடவை எடுத்தும் எடுக்காமலும் இரண்டு பிரிண்ட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். பாதிப் பேர் எடுக்காததைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. இந்தத் தொழில்தான் வேண்டும் என்கிறாள். நேரம் கெட்ட நேரம், புது ஆட்கள். பெண்ணுக்கு இது சரிப்படுமா? ஒரு தாயாகக் கேட்கிறேன்.

அம்மா, என் தாயும் இதே கேள்வியைக் கேட்டார். 1930-களிலேயே லூயிஸ் டால்-வூல்ஃப் என்ற பெண் ஹார்பர்ஸ் பஜாரில் ஃபேஷன் எடுத்துக்கொண்டிருந்தார். ஆனி லீபோவிட்ஸ் என்ற பெண் 24 வயதுக்குள் ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் தலைமை ஃபோட்டோகிராபர் ஆனார். வழி புதிதல்ல.

உங்கள் பயமும் பொய்யல்ல. இந்தத் தொழிலில் அதிகாரம் உள்ளவர்கள் மாடல்களிடமும் உதவியாளர்களிடமும் தவறாக நடந்த செய்திகளை நாமெல்லாம் படித்திருக்கிறோம். மகளிடம் இதைச் சொல்லுங்கள்: ஷூட் எங்கே, யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்பது முந்தின நாளே எழுத்தில் வர வேண்டும், அந்தத் தாளின் ஒரு படம் உங்கள் போனில் இருக்க வேண்டும். அப்படித் தாள் அனுப்பாத இடத்துக்குப் போக வேண்டாம். என் ஸ்டூடியோவில் உடை மாற்றும் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு, நான்கூடத் தட்டாமல் போக மாட்டேன். 18 வயதுக்குக் கீழே இருக்கும் மாடல் என்றால் பெற்றோர் ஒருவர் உள்ளே இருந்தால்தான் கேமரா பையிலிருந்து வெளியே வரும். நாளை அவள் ஸ்டூடியோ வைக்கும்போது இதெல்லாம் அவளுக்கும் பழக்கமாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்லுங்கள், எடுத்ததைத் தூக்கிப்போடக் கூடாது. லிலியன் பாஸ்மன் என்ற அற்புதமான ஃபோட்டோகிராபர், ஃபேஷன் உலகம் வெறுத்துப்போய் 1970-களில் தன் நெகட்டிவ்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டார். ஏதோ ஒரு பையில் தப்பித்துக் கிடந்தவை 1990-களில் கிடைத்தன. அவற்றை அவரே மறுபடி பிரிண்ட் போட்டார், உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. மகள் இன்று எடுக்கும் சாதாரணப் படத்துக்கும் மூன்று நகல் வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். அந்த வேறு வீடு உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: நீங்கள் எடுத்து, இதுவரை வெளியிடாத படம் ஏதாவது இருக்கிறதா?

நிறைய. ஒன்றைச் சொல்ல அனுமதி இருக்கிறது, பெயர் சொல்ல இல்லை.

மூத்த நடிகர் ஒருவர். விக் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு லைட்டிங் முடிந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டிருந்தோம். நல்ல வெக்கை. அவர் விக்கைக் கழற்றி முட்டியில் மாட்டிவிட்டு, இரண்டு கையாலும் தலையைச் சொறிந்துகொண்டே என் உதவியாளர் சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். பின்னால் அணைக்க மறந்த ஒரு லைட், தலையைச் சுற்றி மெல்லிய கோடாக விழுந்திருந்தது. கண்ணோரச் சுருக்கம் காது வரை ஓடியது. ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினார்.

போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்கேன்ல?" என்றார். "நான் எடுத்ததுலயே இதுதான் சார்" என்றேன். "அழிக்காதே. நான் போனப்புறம் போடு" என்றார்.

அது நடந்து பதினோரு வருடம். படம் இரண்டு டிரைவிலும், ஒரு பிரிண்ட்டாக என் பீரோவிலும் இருக்கிறது. வருடத்துக்கு ஓரிரண்டு தடவை அவரே போன் செய்வார், போன வாரமும் செய்தார். எடுத்ததும் அதே கேள்விதான்.

"ஏம்மா, என் மண்டை பத்திரமா இருக்கா?"

"இருக்கு சார்."